மகாராணிக்கு முகம் தெரியாது

அந்தத் தெருவில் அவளுக்கு மகாராணி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, அக்கம்பக்கத்தார் வைத்தது. பெண்களுக்கு முடி வெட்டுகிற ஒரு சின்னக் கடை வைத்திருப்பவளுக்கு இத்தனை மிடுக்கு எதற்கு என்பது அவர்கள் கட்சி. காலையில் கடைக்கு நடந்து போவாள். நேற்றுத்தான் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, மாமியாரிலிருந்து மாடிவீடு வரைக்கும் எல்லாக் கதையும் பேசி, வாய்நிறையச் சிரித்துவிட்டுப் போன அம்மாள் எதிரே வருவாள். அந்த அம்மாள் பல் தெரியச் சிரிப்பாள். இவள் விளக்குக் கம்பத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுத் தன் வழியே போய்க்கொண்டே இருப்பாள். யாருக்குத்தான் கோபம் வராது?

"கையில சீப்பு இருந்தாத்தான் நம்மள மனுஷியா மதிப்பா போலிருக்கு" என்று அந்த அம்மாள் அடுத்த வீட்டில் போய்ச் சொல்வாள். அடுத்த வீட்டுக்காரிக்கும் சொல்வதற்கு இதேபோல் ஒன்று இருக்கும்.

ஆனால் கடை மட்டும் காலியாகக் கிடந்ததில்லை. கை அப்படி. எந்தத் தலையில் எந்தப் பக்கம் முடி படியும், எங்கே எழுந்து நிற்கும் என்று ஒருமுறை விரலை விட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும் அவளுக்கு. திட்டிக்கொண்டே வந்தார்கள், வெட்டிக்கொண்டு போனார்கள்.

விஷயம் என்னவென்றால், அவளுக்கு மனிதர்களின் முகம் அடையாளம் தெரியாது. கண்ணில் கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். மாலை வெளிச்சத்திலும் ஊசியில் நூல் கோத்துவிடுவாள். மூக்கு தெரியும், கண் தெரியும், உதட்டுக்கு மேலே இருக்கிற மச்சம் தெரியும். இதெல்லாம் சேர்ந்து இன்னார் என்று ஆகவேண்டும் அல்லவா, அதுதான் ஆகாது. முகத்தைத் திருப்பினால் போயிற்று. அடுத்தமுறை பார்த்தால் புது ஆள். வாயைத் திறந்து பேசிவிட்டால் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாள். பேசாமல் சிரித்துக்கொண்டு நின்றால் ஆண்டவனே வந்தாலும் தெரியாது.

இது எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும், மற்றவர்கள் சிரத்தை எடுத்து ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள், தனக்குத்தான் அந்தச் சிரத்தை இல்லை என்று அவள் நெடுநாள் நினைத்திருந்தாள். பள்ளியில் டீச்சர்கள் கவனம் இல்லாதவள் என்றார்கள். அவளுடைய அம்மா ஒருபடி மேலே போய், பாசம் இல்லாத ஜென்மம் என்றாள். சித்தியைத் தெருவில் பார்த்தும் பார்க்காமல் வந்தவளை வேறு என்னவென்று சொல்வது? சின்னப் பெண் அதை அப்படியே நம்பினாள். மனசில் ஈரம் இல்லாதவள் நான் என்று எண்ணி வெட்கப்பட்டுக்கொண்டே வளர்ந்தாள். வளர்ந்த பிறகு அந்த வெட்கத்தை மறைக்க ஆயிரம் தந்திரம் கற்றுக்கொண்டாள்.

முடி அதில் முதல் தந்திரம். முடியைப் பார்த்தால் அவளுக்கு ஆள் தெரியும். சுருட்டை, கோரை, நெற்றியோர நரை, வகிடு கோணல் எல்லாம் மனசில் அப்படியே தங்கும். அதனால்தானோ என்னவோ இந்தத் தொழிலுக்கு வந்தாள். வந்த பிறகுதான் அதில் இருந்த வினை புரிந்தது. முடியை வைத்து ஆளை அடையாளம் காண்பவள், வருகிறவர்களின் முடியை எல்லாம் மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தாள். எவ்வளவு நன்றாக வெட்டினாளோ அவ்வளவுக்கு அந்த ஆள் அவளுக்கு அந்நியம். இதைவிடக் கேலி வேறு வேண்டுமா?

கடை திறந்த புதிதில் ஒருநாள் இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருத்தி தையல்காரி, தலைக்குச் சாயம் போட வந்தவள். இன்னொருத்தி டீச்சர், நுனி மட்டும் வெட்டிக்கொள்ள வந்தவள். இரண்டு பேருக்கும் தலையை அலசித் துண்டு கட்டி, கழுத்திலிருந்து முழங்கால்வரை கடையின் கறுப்புத் துணியைப் போர்த்தி உட்கார வைத்தாள். பின்பக்கம் போய்ச் சாயத்தைக் கலக்கிக்கொண்டு வருவதற்குள் அவர்கள் இடம் மாறி உட்கார்ந்திருந்தார்கள். டீச்சருக்கு மின்விசிறிக் காற்று ஆகவில்லையாம். தலையில் துண்டு, உடம்பில் கறுப்புத் துணி, இடையில் வெறும் முகம். இரண்டு பேரும் முதல்முறை வந்தவர்கள், துண்டை அவிழ்த்தபோதும் நனைந்த முடியில் வித்தியாசம் தெரியவில்லை. அவள் பேசிக்கொண்டே டீச்சரின் தலைக்குச் செம்பட்டைச் சாயத்தைப் பூசி முடித்துவிட்டாள். டீச்சரோ கண்ணை மூடி ஏதோ எண்ணெய் மசாஜ் இலவசமாகக் கிடைக்கிறது என்று சுகமாக இருந்துவிட்டார்.

கண்ணைத் திறந்த பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டியதில்லை. மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அவளுக்குத் தொண்டை வற்றிவிட்டது. அடுத்த வாரமே ஆளுக்கொரு நிறத்தில் போர்த்துகிற துணி வாங்கிவிட்டாள். பச்சைக்குச் சாயம், மஞ்சளுக்கு நுனி என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வாள். வந்தவர்கள், கடையில் என்ன அழகாகக் கலர் கலராகத் துணி வைத்திருக்கிறாள், ரசனைக்காரி என்றார்கள். அவளும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

வீட்டிலும் இதே கதைதான். கணவர் லிப்ட் மெக்கானிக். கட்டை மீசை வைத்தவர். "மீசையை எடுத்தீங்கன்னா வீட்டுக்குள்ள வராதீங்க" என்று கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாள். அவர் அதைத் தன் மீசைமேல் அவள் கொண்ட காதல் என்று எடுத்துக்கொண்டு கூட வேலை செய்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். அவரைக் கண்டுபிடிக்க அந்த மீசையும், இடதுகாலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற நடையும்தான் அவளுக்கு ஆதாரம் என்பது அவருக்குத் தெரியாது.

நாத்தனார் விஷயம்தான் கை மீறிப் போனது. கணவருக்கு அக்கா அவர், பெரியமனுஷி. சில வருஷத்துக்கு முன்னால் மார்க்கெட்டில் தன் புதுச் சம்பந்திகளோடு நின்றுகொண்டு, அதோ வர்றா பாருங்க என் தம்பி பொண்டாட்டி என்று பெருமையாகக் காட்டியிருக்கிறார். தம்பி பொண்டாட்டி நேரே வந்தாள், நாத்தனாரின் சிரிப்பைப் பார்த்தாள், கடந்து போய்விட்டாள். சம்பந்திகள் முன்னால் மூக்கு உடைந்தால் யார் பொறுப்பார்கள்? அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. கணவரும் மகளும் மட்டும் போய்வந்துகொண்டிருந்தார்கள். கூட்டத்தில் கவனிக்கவில்லை என்று ஆள் அனுப்பிச் சொல்லிப் பார்த்தாள், எடுபடவில்லை. உண்மையைச் சொல்லலாம் என்றால், உங்கள் முகம் எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? அதற்கு மூக்கை உடைத்ததே மேல்.

இத்தனைக்கும் மேலே மகள் இருந்தாள். எட்டாவது படித்தாள். ஒரே மகள்.

மகள் முதல் வகுப்பில் இருந்தபோது, பள்ளி விட்டதும் வாசலில் போய் நின்றவள், ஓடிவந்த பிள்ளைகளில் ஒன்றைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு கொஞ்சதூரம் வந்துவிட்டாள். அந்தப் பிள்ளை வீறிட்டு அழுதது. பின்னாலேயே வந்த அதன் அம்மா முறைத்த முறைப்பு இன்றைக்கும் அவள் முதுகில் இருக்கிறது. அன்றிலிருந்து இரண்டு காரியம் செய்தாள். ஒன்று, பள்ளிக்கு வேண்டுமென்றே தாமதமாகப் போனாள். எல்லாப் பிள்ளைகளும் போன பிறகு வாசலில் மிச்சம் நிற்கிற பிள்ளை அவளுடையது. இன்னொன்று, மகளுக்குத் தினமும் தன் கையாலேயே நாலு பிரிப் பின்னல் போட்டாள். மூன்று பிரி எல்லார் தலையிலும் இருக்கும். இது பாய் முடைந்ததுபோல் பட்டையாக முதுகில் கிடக்கும். அந்தப் பள்ளியில் வேறு யாருக்கும் கிடையாது. எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் அதோ என் மகள் என்று நெஞ்சு சொல்லும்.

சின்ன வயதில் மகளுக்கு அது பெருமையாக இருந்தது. எட்டாவது வந்ததும் பாரமாகிவிட்டது.

"ஊருக்கே முடி வெட்டுற, எனக்கு மட்டும் வெட்ட மாட்டேங்கிற."

"உனக்குப் பின்னல்தான் எடுப்பா இருக்கு."

"எனக்கா, உன் கடைக்கா? நான் என்ன உன் கடை போர்டாம்மா? ஸ்கூல்லயும் எப்பவும் கடைசியா நிக்கிறவ நான்தான். வாட்ச்மேன் கேட்டைப் பூட்டப் போகும்போது வர்ற. என் முடியில இருக்கிற அக்கறை என் மேல இருக்கா உனக்கு?"

அவள் சீப்பை எடுத்துக்கொண்டு, "திரும்பி உக்காரு" என்றாள். விரல்கள் நாலு பிரியாகப் பிரித்து முடைந்தன. மகள் மூக்கை உறிஞ்சினாள்.

ஒருநாள் கடையில் சாயம் காய்வதற்காக உட்கார்ந்திருந்த ஒரு பெண், கையில் இருந்த வாரப் பத்திரிகையைச் சத்தமாகப் படித்தாள். சிலருக்குப் பிறவியிலேயே மனித முகங்கள் அடையாளம் தெரியாதாம். கண் நன்றாக இருக்குமாம், புத்தி நன்றாக இருக்குமாம், மூளையில் அந்த ஒரு வேலை மட்டும் நடக்காதாம். பெற்ற தாயையே குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்களாம். ஆயிரத்தில் சிலருக்கு இருக்கிறதாம், பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாதாம்.

"எங்க வீட்டுக்காரருக்கும் இருக்கு" என்றாள் மஞ்சள் துணி போர்த்தியிருந்தவள். "என் பக்கத்துச் சொந்தக்காரங்க வந்தா மட்டும் ஒருத்தரையும் தெரியாது." கடையே சிரித்தது.

"நல்லா விடறாங்க கதை. பெத்தவளைத் தெரியாம இருக்குமா?" என்றாள் படித்தவள். "நீங்க என்ன சொல்றீங்க? உங்களுக்கு யாரையாவது தெரியாம இருக்கா?"

மகாராணியின் கையில் கத்தரிக்கோல் நின்றது. காது இரண்டும் சுட்டன. அவள் வாழ்நாளில் முதல்முறையாக அவளைப் பற்றி யாரோ சரியாகச் சொல்லியிருந்தார்கள். "அதெல்லாம் வேலையத்தவங்க எழுதறது. முகம் கூடவா மறக்கும்?" என்று சொல்லிவிட்டு எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். சிரித்த பிறகு தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அன்றைக்கே யாரிடமாவது சொல்லியிருந்தால் பின்னால் வந்தது வந்திருக்காது. சொல்லவில்லை.

பள்ளி விடுமுறை நாள் ஒன்றில் மகள் சிநேகிதி வீட்டுக்குப் போனாள். சிநேகிதியின் அக்கா ஒரு சமையலறைக் கத்தரிக்கோலால் அவள் பின்னலை வெட்டிவிட்டாள். கழுத்துக்கு மேலே கோணல்மாணலாக முடி நின்றது. உடம்பெல்லாம் முடித்தூள் என்று சிநேகிதியின் சட்டையையே வாங்கிப் போட்டுக்கொண்டாள். அப்புறம் பயம் வந்துவிட்டது. அம்மா திட்டுவாள், அழுவாள், பிறகு எப்படியும் உட்கார வைத்து ஒழுங்காக வெட்டிச் சரிசெய்வாள் என்று எண்ணிக்கொண்டு நேரே அம்மாவின் கடைக்கு வந்தாள். வாசலில் வந்து, பிடரியில் கைவைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் நின்றாள்.

மகாராணி நிமிர்ந்து பார்த்தாள். வாடிக்கைக்காரர்களுக்கு வைத்திருக்கிற சிரிப்பைச் சிரித்தாள்.

"வாம்மா. முடி வெட்டணுமா? யாரு இப்படிக் கொதறி வெச்சது? உக்காரு, இவங்களை முடிச்சுட்டு வர்றேன்."

பெண் உட்காரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள்.

"பயப்படாத. சரி பண்ணிடலாம். கூட அம்மா வரலையா?"

பெண் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். பிறகு திரும்பி ஓடிவிட்டாள்.

நாற்காலியில் இருந்தவள், "யாருங்க அது? அழுதுட்டே போகுது" என்றாள்.

"தெரியலையே" என்று சொல்லி மகாராணி வேலையைத் தொடர்ந்தாள்.

சாயங்காலம் கணவர் போன் செய்தார். "என்ன பண்ணித் தொலைச்ச? பிள்ளை கதவைச் சாத்திக்கிட்டு அழுவுறா. முடியை வெட்டிக்கிட்டு உன் கடைக்கு வந்தாளாமே."

போனைப் பிடித்தபடி அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கூட அம்மா வரலையா. தன் வாயால் கேட்ட கேள்வி. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது.

வீட்டுக்குப் போனதும் மகள் கதவைத் திறந்தாள். கண் வீங்கியிருந்தது. "உங்க அம்மா வரலையான்னு என்னையே கேக்கற. அவ்ளோ கோவமா? முடியை வெட்டினா நான் உன் பொண்ணு இல்லையா?"

இந்த இடத்தில்தான் அவள் செய்யக்கூடாததைச் செய்தாள். தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. பெற்ற மகளை, பதின்மூன்று வருஷம் தலைவாரி விட்ட மகளை, எதிரே நிற்கும்போது தெரியாத ஒருத்தி அம்மாவா? கல்நெஞ்சுக்காரி என்று மகள் நினைத்துக்கொள்ளட்டும், இது மட்டும் வெளியே வரக்கூடாது என்று தோன்றிவிட்டது.

"ஆமா, கோவம்தான்" என்றாள். "சொல்லாம கொள்ளாம வெட்டிட்டு வந்து நின்னா வேற எப்படிப் பேசுவாங்க?"

மகள் அதற்கப்புறம் அழவில்லை. மறுநாள் காலை ஒரு பையில் துணிகளை எடுத்துவைத்துக்கொண்டு, "அப்பா, நான் இனிமே அத்தை வீட்லயே இருந்து ஸ்கூலுக்குப் போறேன்" என்றாள். அத்தை என்றால் அந்த நாத்தனார்தான். அவர் வீடு பள்ளிக்குப் பக்கம். கணவர் கெஞ்சிப் பார்த்தார், கேட்கவில்லை. போனில் நாத்தனார் பேசியது பக்கத்தில் நின்றவள் காதிலும் விழுந்தது. "பெத்த பிள்ளையவே தெரியாத மாதிரி நடிக்கிறவ, என்னைத் தெரியாத மாதிரி நடிச்சதுல என்னடா ஆச்சரியம்? பிள்ளை இங்கயே இருக்கட்டும். அவகிட்ட இனிமே நான் அனுப்ப மாட்டேன்."

வீடு ஓய்ந்துவிட்டது. காலையில் சீப்பைக் கையில் எடுத்துவிட்டு, யாருக்கு வாருவது என்று திரும்ப வைப்பாள். மகளை நினைத்துக் கண்ணை மூடினால் முதுகும் பின்னலும் வந்தன, முகம் வரவில்லை. ஊரில் பிள்ளையைப் பிரிந்த தாய்மார் எல்லாம் முகத்தை நினைத்து அழுவார்கள். அவளுக்கு அதுவும் இல்லை. இப்போது அந்தப் பின்னலும் இல்லை. இனி ஒரு தெருவில் மகள் எதிரே வந்தாலும் கடந்து போய்விடுவோம், மகளும் அதைத் திமிர் என்றே நினைப்பாள், இப்படியே வருஷங்கள் போய்விடும். அந்தப் பயம்தான் கடைசியில் அவள் வாயைத் திறந்தது.

கணவர் வேலைக்குக் கிளம்பி, ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"என்னங்க, நான் அன்னைக்கு நடிக்கல. நிஜமாவே அவளைத் தெரியல."

அவர் சிரித்தார். பிறகு அவள் நின்ற நிலையைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். அவள் கடையில் பத்திரிகை படிக்கக் கேட்டது, தாமதமாகப் பள்ளிக்குப் போவது, கலர் துணி எல்லாவற்றையும் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள்.

"அப்ப என்னை?"

"உங்க மீசையைத் தெரியும். நடையைத் தெரியும்."

"மீசையை எடுத்துட்டு, நடக்காம நின்னா?"

"யாரோ ஒருத்தர்" என்றாள்.

அவர் மீசையை ஒருதடவை தடவிப் பார்த்துக்கொண்டு, ஒரு காலில் மட்டும் ஷூவோடு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டார். அவளுக்குச் சொன்னதே தப்போ என்றிருந்தது. மத்தியானம் கடைக்குப் போன் வந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடி பஸ் ஸ்டாப்புல நான் வந்து பேசுற வரைக்கும் சிரிக்க மாட்டியே. கூச்சம்னு நெனச்சேன். அதுவும் இதுதானா?"

"அதுவும் இதுதான்."

"நான் எவ்வளவு பேர்கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா, ரொம்ப அடக்கமான பொண்ணுன்னு" என்றார். குரலில் வருத்தமும் இருந்தது, சிரிப்பும் இருந்தது. "நான் லிப்ட் பாக்கிற ஆஸ்பத்திரியில மூளை டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க. சாயங்காலம் வா, கேட்டுடலாம்."

டாக்டரம்மாள் மேஜைமேல் நிறையப் புகைப்படங்களைப் பரப்பினார். எல்லாவற்றிலும் முடியை மறைத்து, வெறும் முகம் மட்டும். தெரிந்த முகம் ஏதாவது இருந்தால் எடுக்கச் சொன்னார். அவள் ஒன்றுகூட எடுக்கவில்லை. கணவர் தன் போனிலிருந்து கொடுத்த படங்களும் அதில் கலந்திருந்தன. மகள் அதில் இருந்தாள். மீசையை மறைத்த கணவர் இருந்தார். ஒரு படத்தில் அவளே இருந்தாள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு அவமானத்தில் உடம்பு குறுகியது.

"இது திமிரும் இல்ல, மறதியும் இல்ல" என்றார் டாக்டரம்மாள். "உங்க மூளை முகத்தை இப்படித்தான் பாக்கும். மருந்து கிடையாது, மாறவும் மாறாது. முடி, குரல், நடைன்னு நீங்களா வழி கண்டுபிடிச்சு இத்தனை வருஷம் ஓட்டியிருக்கீங்க. இதை மத்தவங்ககிட்ட சொல்லிட்டீங்கன்னா பாதி பாரத்தை அவங்க தூக்குவாங்க."

அவர் லேசாகச் சொல்லிவிட்டார். தெருவில் துணியில்லாமல் நட என்றாலாவது கண்ணை மூடிக்கொண்டு நடந்துவிடலாம். ஆனாலும் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு எண்ணம் ஓடியது. மனசில் ஈரம் இல்லாதவள் தினமும் விடிவதற்கு முன்னால் எழுந்து நாலு பிரிப் பின்னல் போடுவாளா? அக்கறை இல்லாதவள் வருகிறவர்களின் செருப்பு, வகிடு, இருமல் எல்லாவற்றையும் இப்படி உயிரைக் கொடுத்து மனப்பாடம் செய்வாளா? அம்மா சொன்னதை இத்தனை வயதுவரைக்கும் எதிர்த்து ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லையே என்று தன்மேல் இரக்கமாக இருந்தது. வெட்கம் போய்விடவில்லை. அதன் பக்கத்தில் இதுவும் வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

மறுநாள் கடையைச் சீக்கிரம் மூடினாள். பள்ளி விடுவதற்கு முன்னாலேயே வாசலில் இருக்க வேண்டும், மகளிடம் தானே நேரே சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். குட்டை முடிப் பெண்களாகப் பார்த்து ஒவ்வொருத்தியிடமும் பேச்சுக் கொடுத்தால் குரலில் தெரிந்துவிடும் என்பது கணக்கு. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.

வாசலில் போய்ப் பார்த்தால், பிள்ளைகள் எல்லாம் தலையிலிருந்து முழங்கால்வரை மழைக்கோட்டு. அம்மாக்களும் குடையும் கோட்டுமாக நின்றார்கள். முடி என்று ஒன்று கண்ணில் படவில்லை. அந்தக் கறுப்புத் துணி நாள் திரும்ப வந்ததுபோல் எங்கே பார்த்தாலும் வெறும் முகங்கள். பிள்ளைகள் கலைந்து போய்க்கொண்டிருந்தார்கள். மகள் இவளைப் பார்த்தால் பேசாமல்தான் போவாள். வழக்கம்போல் எல்லாரும் போகட்டும் என்று ஒதுங்கி நின்றாலும் பயனில்லை, இப்போது மிச்சம் நிற்கப் போவது அவள் மகள் இல்லை. அப்படியே திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு பக்கத்தில் நின்ற ஓர் அம்மாளிடம் போனாள். அந்த அம்மாள் கனத்த கோட்டும் தலையை மூடிய தொப்பியுமாக, கூடவே ஒரு பெண்ணை நிறுத்திக்கொண்டு குடையை விரித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஒரு உதவி பண்ணுவீங்களா?" என்றாள். "என் பொண்ணு எட்டாவது படிக்கிறா. இங்கதான் எங்கயோ இருப்பா. எனக்கு அவளை அடையாளம் தெரியாது. எனக்கு யாரோட முகமும் தெரியாதுங்க, பிறவியிலேயே அப்படி, டாக்டர் சொல்லியிருக்காங்க. தப்பா நினைக்காதீங்க. பெத்தவதான். ஆனா தெரியாது. உங்க பொண்ணுகிட்ட கேட்டு, எட்டாவது பிள்ளைங்க வெளிய வந்துட்டாங்களான்னு சொல்லச் சொல்றீங்களா?"

இதைச் சொல்லி முடித்தபோது பக்கத்தில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் குடையை விரிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன, விளையாடறியா?" என்றார்.

குரல். நாத்தனார். நாத்தனார் என்றால், பக்கத்தில் நிற்கிற பெண்? உங்க பொண்ணுகிட்ட கேட்டு என்று சொன்னோமே, அந்தப் பெண்? அவள் மெல்ல அந்தப் பக்கம் திரும்பினாள். தொப்பிக்குள் ஒரு முகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. மூக்கு இருந்தது, கண்கள் இருந்தன, மழைத்தண்ணீர் வழிந்தது. யாரென்று இப்போதும் அந்த முகம் சொல்லவில்லை.

"அண்ணி, எனக்கு..." என்று ஆரம்பித்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாத்தனார் திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அவரும் உலகம் பார்த்தவர். ஓர் ஆள் இப்படி வெளிறி, இப்படிக் கூசி நிற்பதை நடிப்பு என்று சொல்ல அவராலும் முடியவில்லை.

"அன்னைக்கு மார்க்கெட்ல..." என்றார்.

"தெரியல அண்ணி. சத்தியமா."

அந்தப் பெண் அப்போதுதான் பேசினாள். "அம்மா. அன்னைக்குக் கடையில நீ கோவமா இருந்தியா, இல்லையா?"

"கோவம் இல்ல. வாசல்ல நிக்கிறது யாருன்னே தெரியல எனக்கு."

"நிஜமாவே தெரியலையா?"

"நிஜமாவே. வீட்டுல கோவம்னு சொன்னதுதான் பொய். பெத்த பிள்ளையைத் தெரியலைன்னு எப்படிச் சொல்றது? அசிங்கமா இருந்துச்சு."

மகள் தலையிலிருந்து தொப்பியைத் தள்ளினாள். கோணல் முடி நனைந்து ஒட்டிக்கொண்டது. முகம் கோணி, சின்னப் பிள்ளைபோல் அழ ஆரம்பித்தாள். தாய் பயந்துவிட்டாள், வாழ்நாளெல்லாம் எதற்குப் பயந்தாளோ அது நடக்கிறது என்று நினைத்தாள்.

"என்னை வேணாம்னு சொல்லிட்டேன்னு நெனச்சேன்" என்றாள் மகள், தேம்பலுக்கு நடுவே. "தெரியலையா? அவ்ளோதானா? அவ்ளோதானாம்மா?"

"அவ்ளோதான்" என்றாள் அவள்.

மகள் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். யார் யார் பார்த்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது, நாளைக்குக் கடைக்கு வந்தாலும் தெரியப் போவதில்லை. காது மடல் எரிந்தது. எங்காவது ஓடி ஒளிய வேண்டும்போல்தான் இருந்தது. ஆனால் மகள் கையை இறுக்கியிருந்தாள், அதனால் அந்த மழையில் அப்படியே நின்றாள்.